மேசைவாளும் அதன் பெயர்களும்

தொழில் என்பது கையினால் மாத்திரம் நடைபெறுவதன்று, சொல்லினாலும் நடைபெறுவதாம். உழவனுக்கு மேழியும் கொழுவும் நுகத்தடியும், நெசவாளனுக்குப் பாவும் ஊடையும் நாடாவும், தச்சனுக்கு உளியும் இழைப்புளியும் கொட்டாப்புளியும் மூலைமட்டமும் பெயரோடு விளங்கி நிற்கின்றன. பெயர் தெரிந்த கருவியைத் தொழில் பயிலும் இளையோன் கேட்டு வாங்குகிறான். காணாமற் போனால் தேடுகிறான். பழுதுபட்டால் பழுதென்று சொல்லுகிறான். பெயரறியப்படாத உறுப்போ, இருந்தும் இல்லாததாகவே எண்ணப்பட்டு, வேலைக்கு இடையூறென்று தோன்றிய அன்றே கழற்றி எறியப்படுகிறது. இவ்வுண்மையை யான் நூலிற் படித்தறிந்தேனல்லேன். அவிநாசியில், பெருஞ்சாலையை யடுத்த ஒரு சிறு தச்சுப் பட்டறையிற் கண்டறிந்தேன். நம் கலாசாலை மாணாக்கருட் பலர் தொழிற்கூடங்களை நாடிச் செல்லுங் காலமாதலின், அதனை ஈண்டு எழுதுவது பயனுடைத்தென்று கருதுகிறேன்.

அவிநாசி மரத்தொழிலுக்குப் புதிய ஊரன்று. திருப்புக்கொளியூர் என்னும் பழம்பெயருடைய இவ்வூர்க் கோயிலின் தேர், தமிழ்நாட்டுப் பெருந்தேர்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. சித்திரைத் திருவிழாவில் அது வீதியில் அசைந்து வருங்கால், வடம் பிடிப்போர் அதன் மேலுள்ள அலங்காரத்தையே நோக்குவர். தச்சர் குலத்தோரோ அதன் அடியிலுள்ள உத்திரங்களின் பொருத்தையே நோக்குவர். அத்தகைய மரங்களை முற்காலத்தார் இருவர் இழுக்கும் நெடுவாளினால் அறுத்தனர். அடிமரத்தை உயரத் தாங்கி நிறுத்தி, ஒருவன் மேலே நின்றும் ஒருவன் கீழே நின்றும் இழுப்பன். அறுப்பு நீண்டு செல்லச் செல்ல, மரம் வாளைக் கவ்வாதபடி பிளவில் ஆப்பு இறுக்குவர். நாள் முழுதும் உழைத்தாலும் அறுபடும் பலகை சிலவே. ஆயினும் அவ்வாள் மனிதன் கையின் வேகத்திலேயே சென்றது. கை நின்றால் வாளும் நின்றது.

1932-ஆம் ஆண்டில் நீலகிரிப் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர்க் கோயமுத்தூர்ச் சீமையின் நிலை மாறிற்று. பஞ்சாலைகளும் இறைப்பு யந்திரங்களும் பெருகின. அவற்றின் பின்னே மின்விசை சிறு பட்டறைகளுட் புகுந்தது. அதனோடு வட்டவாளும் புகுந்தது. வட்டவாள் மேனாட்டிலும் மிகப் பழையதன்று. இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் நகரத்துச் சாமுவேல் மில்லர் என்பார் 1777-இற் பெற்ற உரிமைப்பத்திரத்தில் அது குறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வாளையே ஒரு மேசையின் பிளவினூடே தலைகாட்டும்படி அமைத்தால் அது மேசைவாளாகும். பட்டறையார் இதனை ‘டேபிள் சா’ என்றே வழங்குவர். கைவாளிற்கும் இதற்கும் உள்ள பெருவேறுபாடு, கைவாளில் மரம் நிற்க வாள் செல்லும். மேசைவாளில் வாள் நின்றவிடத்தே சுழல, மரத்தைக் கையால் அதனிடம் செலுத்தவேண்டும் என்பதே. எனவே மரத்தோடு கையும் வாளை நோக்கியே செல்கின்றது.

அதன் வேகத்தைக் கணக்கிட்டறிதல் நன்று. பத்து அங்குல விட்டமுள்ள வாள் நிமிஷத்திற்கு 4,000 முறை சுழலுமாயின், அதன் பல்நுனி ஒரு விநாடியில் ஏறக்குறைய 53 மீட்டர் செல்லும். அஃதாவது மணிக்கு 190 கிலோமீட்டர். நாற்பது பல்லுள்ள வாளாயின் ஒரு விநாடியில் 2,600-க்கு மேற்பட்ட பற்கள் ஓரிடத்தைக் கடந்துபோம். விரல் பட்டது என்று மூளை உணர்வதற்குள் விரல் போய்விடும் என்பதற்கு வேறு பிரமாணம் வேண்டுவதில்லை. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டார் என்று புகழப்படும் தலம் எங்கள் அவிநாசி. வாள்வாயிற் போன விரலை மீட்டுத் தந்தாரை யாம் கேட்டதில்லை.

யான் சென்ற பட்டறையின் தலைவர் அறுபது வயதை யணுகியவர். வேம்பிலும் தேக்கிலும் கதவு நிலைகள் செய்வதில் வல்லவர். அவருடைய இடக்கையில் ஆள்காட்டி விரல் அடியோடில்லை. நடுவிரலில் நுனிக்கணு இல்லை. முப்பது ஆண்டுகட்கு முன்னர், வேறோர் ஊரில், தமக்குச் சொந்தமாக வாங்கிய முதல் வட்டவாளில் அவை போயின என்றார். இப்பொழுது அவரிடமிருப்பது பழையதாய் விலைக்கு வந்த ஓர் அயல்நாட்டு யந்திரம். அதில் தொழில் பயில்பவன் அவருடைய தமக்கை மகன், பதினெட்டு வயதினன். ஆணிகள் கிடந்த தகரப் பெட்டியினுள்ளே பிறை வடிவாய் வளைந்த எஃகுத் தகடொன்று துருவேறிக் கிடப்பதை யான் கண்டு, “இது என்னங்க ஆசாரியாரே?” என்று வினவினேன்.

“அதுங்களா? மிஷினோட வந்ததுங்க. வேலைக்குக் குறுக்க நிக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டனுங்க. பேரெல்லாந் தெரியாதுங்க” என்றார்.

அத்தகடே அந்த யந்திரத்தில் உயிரைக் காக்கும் உறுப்பு. ஆங்கிலத்தில் ‘ரிவிங் நைப்’ எனப்படும் அதனைப் பிளவுக்கத்தி என்று யான் வழங்குகிறேன். அதன் காரியத்தை விளக்குமுன், ஏனைய உறுப்புகளையும் முறையே சொல்லுதல் வேண்டும்.

வாளைத் தாங்கிச் சுழல்வது அச்சு. வாள் தலைகாட்டும் பிளவைச் சூழ்ந்திருப்பது வாய்த்தட்டு. அதன் பிளவு அகன்றிருந்தால் சிறு துண்டுகள் உள்ளே விழுந்து சிக்கும். வாள் மரத்தில் உண்டாக்கும் வெட்டுவழிக்கு அறுப்புவாய் என்று பெயரிடலாம். இஃது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலமுடையது. பத்து அறுப்பு அறுத்தால் 30 மில்லிமீட்டர் மரம் தூளாய்ப் போய்விடும். அளவு குறிப்போர் இதனைக் கணக்கிற் கொள்ளாவிடின் கடைசிப் பலகை குறைந்தே நிற்கும்.

வாளுக்கு இணையாக மேசைமேல் நிற்கும் நெடுஞ்சட்டத்தைப் பட்டறையார் ‘பென்ஸ்’ என்பர். நம் நாட்டார்க்கு வேலி என்ற சொல்லினும் விளக்கமான சொல் வேண்டா. கொங்கு நாட்டுக் கொறங்காடுகளிற் கிளுவை வேலி ஆடுமாடுகளை எல்லை தாண்டாமற் காப்பதுபோல, இவ்வேலி மரத்தைக் கோணாமற் காக்கின்றது. வேலியின் பின்முனை இம்மியளவேனும் வாளை நோக்கிச் சாய்ந்திருக்குமாயின், மரம் வேலிக்கும் வாளுக்கும் நடுவே நெருக்குண்ணும். குறுக்கே அறுப்பதற்கு மேசையின் பள்ளத்தில் ஓடும் கருவி கோணத்தடி. குறுகிய மரத்தைக் கைக்குப் பதிலாகத் தள்ளுவது தள்ளுகோல். மரத்தை வேலியோடு அணைத்து நிறுத்தும் சீப்புப் போன்ற பலகை இறகுப்பலகை. வாளை மேலே மூடுவது மூடி.

இனிப் பிளவுக்கத்தியைப் பற்றிச் சொல்லுவேன். மேசைவாளின் பற்கள் முன்புறத்தில், அஃதாவது தொழிலாளி நிற்கும் புறத்தில், கீழ்நோக்கி இறங்குகின்றன. பின்புறத்தில் மேல்நோக்கி ஏறுகின்றன. முன்பல் மரத்தை மேசையோடு அழுத்துமாதலின் அங்கே தீங்கு குறைவு. அறுபட்ட மரம் தன் உட்பிணக்கத்தால் மூடிக்கொண்டு வாளின் பின்புறத்தைக் கவ்வினாலும், வேலியினின்று விலகித் திரும்பினாலும், ஏறுகின்ற பின்பற்கள் அதனைத் தூக்கி, வாளின் முழுவேகத்தோடு தொழிலாளியின் மேல் எறியும். மரம் அவன் வயிற்றிலோ மார்பிலோ தாக்கும். அதனினுங் கொடியது, மரத்தைப் பற்றியிருந்த கை அதனோடு இழுபட்டு வாளின்மேல் விழுவதாம். இதனைப் பட்டறையார் ‘மரம் திருப்பி அடிச்சிருச்சு’ என்பர். மரத்துக்குக் கோபம் வந்தது போலும்! கோபமன்று, காரணமுள்ள செயலே அது. இதனைப் பின்னுதைப்பு என்போமாயின், எப்பக்கத்திற் பிறக்கிறது என்பதைப் பெயரே சொல்லும்.

பிளவுக்கத்தி வாளின் பின்னே, சில மில்லிமீட்டர் இடைவெளியில், வாள் உயர உயர்ந்தும் தாழத் தாழ்ந்தும் நிற்பது. அறுப்புவாயினும் சிறிது மெலிந்தும் வாளின் தகட்டினும் சிறிது தடித்தும் இருக்குமாதலால், மரத்தை அறுபட்டவாறே பிரித்து நிறுத்திப் பின்பல்லைக் கவ்வவொட்டாது செய்கிறது. பழைய அறுப்புக்காரர் இறுக்கிய ஆப்பு எதுவோ அதுவே இது.

இதனைப் பட்டறை இளைஞனுக்கு யான் எளிதில் விளக்கியது பஞ்சதந்திரக் கதையினால். கோயில் வேலைக்கு மரம் அறுத்துக் கொண்டிருந்தோர் பாதி அறுத்த மரத்தில் ஆப்பு இறுக்கி உண்ணச் சென்றனர். குரங்கொன்று அம்மரத்தின்மேல் இருந்து ஆப்பை அசைத்துப் பிடுங்க, பிளவு மூடிக்கொள்ள, நசுங்கி மாண்டது. ஆப்பசைத்த குரங்கு என்பது நம்மவரிடை வழக்கமாய்ப் பயிலும் மொழி. தனக்கு வேண்டாத காரியத்தில் தலையிடலாகாது என்பதே அக்கதையின் நீதியாக நாம் பள்ளியிற் கற்றோம். மரத்தொழிலுக்கோ அது நேரான பாடம்: அறுப்புவாயினின்று ஆப்பை எடுக்காதே என்பது. இளைஞன் இதைக் கேட்டுத் தகரப் பெட்டியை ஒருமுறையும் தன் மாமனை ஒருமுறையும் நோக்கினான். மாமனார் சிரித்தார், ஆயினும் ஒன்றுஞ் சொல்லவில்லை.

அறுப்பு வகைகளை இனிக் காண்போம். மரத்தின் நார் செல்லும் வழியே அறுப்பது நீள அறுப்பு. நாரைக் குறுக்கிட்டு அறுப்பது குறுக்கறுப்பு. கோயமுத்தூரில் 1902-இல் திறக்கப்பெற்ற காஸ் வன அருங்காட்சிச்சாலை போன்ற விடங்களில் மரத்துண்டுகளை ஒப்புநோக்குவோர், நீளத்தில் ஓடும் ரேகையும் குறுக்கில் தோன்றும் வளையமும் வேறு வேறு என்பதைத் தெளிவாய்க் காண்பர். நீள அறுப்பில் பல் சிற்றுளி போல் நாரைச் செதுக்க வேண்டும். ஆகவே 24 அளவிற் குறைந்த பற்கள் போதும். குறுக்கறுப்பில் பல் கத்திபோல் நாரை அறுக்க வேண்டும்; ஆகவே 60 அல்லது 80 பற்கள் வேண்டும். ஒன்றற்குரிய வாளால் மற்றொன்றைச் செய்வோர் மரத்தைக் கருக்குவர்; அல்லது பலவந்தமாய்த் தள்ளுவர். பலவந்தமாய்த் தள்ளுங் கையே வழுக்கும்.

நீள அறுப்பில் மரத்தின் நேரான விளிம்பு வேலியோடும் தட்டையான முகம் மேசையோடும் படிந்திருக்க வேண்டும். முறுகிய பலகையை முதலில் இழைத்துத் தட்டையாக்காமல் வாளிடம் விடலாகாது. வாளுக்கும் வேலிக்கும் நடுவிலுள்ள பாகத்தையே தள்ளவேண்டும். அதனை வாளைக் கடந்து முற்றும் செல்லும்வரை தள்ளவேண்டும். தொழிலாளி வாளின் நேர்வழியில் நில்லாது ஒருபுறம் விலகி நிற்க வேண்டும். வாளின் உயரம், பல்லின் அடிக்குழி மரத்தின் மேல்முகத்தைச் சற்றே தாண்டும் அளவினதாக இருப்பின் போதும்.

குறுக்கறுப்பில் கோணத்தடியோடு மரத்தைப் பிடித்துச் செலுத்துக. அப்பொழுது வேலியை நெருக்கி அளவு வைப்பது பலரும் செய்யும் வழக்கம், அபாயமானதும் அதுவே. அறுபட்ட சிறுதுண்டு வேலிக்கும் வாளுக்கும் இடையே சிறைப்பட்டுத் திரும்பி உதைக்கும். ஒரேயளவில் பல துண்டுகள் வேண்டுமாயின், வாளுக்கு முன்னமே நின்றுவிடும்படி ஒரு கட்டையை வேலியிற் பொருத்தி அதிலே அளவு வைத்துக் கொள்ளலாம். துண்டு வாளை அடையும்போது அதனைச் சுற்றிலும் வெளியிடம் இருக்கும். அறுபட்ட துண்டை வாள் முற்றும் நின்ற பின்னரே எடுக்கவேண்டும். சாய்வறுப்பில் வாள் சாயும் பக்கத்தில் வேலி இருத்தலாகாது. காடி வெட்டுகையில் வாள் மரத்தின் அடியில் மறைந்திருக்கும். மறைந்த வாளைக் காணாத கண் மறந்துவிடுமாதலின், கைப்பிடியுள்ள தள்ளுகட்டையையே அங்கே கொள்ளவேண்டும். வேலியும் கோணத்தடியும் இன்றி வெறுங்கையாற் பிடித்து அறுத்தல் எவ்வகை அறுப்பிலும் ஆகாது.

நம் நாட்டிற்கே உரியனவாய்ச் சில எச்சரிக்கைகளும் உள. பழைய வீடுகளைப் பிரித்த மரம் இங்கே மிகுதியாய் மறுபடி அறுக்கப்படுகிறது. அதில் ஆணி புதைந்திருக்கும். தோளில் தொங்கும் துண்டும், மணிக்கட்டிற் கட்டிய கயிறும், தளர்ந்த சட்டைக் கையும் அச்சிற் சிக்கும். கையுறை காப்பென்று எண்ணுவாருளர். சுழலும் வாளின் அருகே அது கையை இழுத்துக் கொடுப்பதேயாம். வாளை மாற்றுங்கால் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். மரத்தூளையும் எளிதாய் எண்ணலாகாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் அதனை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் ஒன்றாக வகுத்தது.

சட்டம் என் செய்தது என்று வினவலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு யந்திரங்களின் அபாயமான பாகங்களை அரண் செய்யும்படி விதித்தது. ஆனால் மின்விசையோடு பத்துப் பேரேனும் வேலை செய்யுமிடத்தையே அது பெரும்பாலும் தொழிற்சாலையெனக் கொண்டது. அதன் பின்வந்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு அவ்வெண்ணை இருபதாக உயர்த்திற்று. மாமனும் மருமகனுமாக இருவர் உழைக்கும் பட்டறை இவற்றின் எல்லைக்குப் புறம்பேயாம்.

1923-இல் இயற்றப்பட்டுப் பின்னர்த் திருத்தப்பெற்ற தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையோ விரல்களுக்கு விலை வைத்தது. சம்பாதிக்கும் ஆற்றலில் நூற்றுக்கு எத்தனை பங்கு குறைந்ததென்பது அதன் கணக்கு. கட்டைவிரல் 30; ஆள்காட்டி விரல் முழுதும் 14; நடுவிரல் முழுதும் 12, அதன் ஒரு கணு 7; ஒரு கையின் நான்கு விரல்களும் 50. என் நண்பராகிய ஆசாரியாரின் கையை இவ்வட்டவணைப்படி கூட்டினால் 21 வரும். அவர் தமக்குத் தாமே முதலாளியாயிருந்தமையின் அந்த 21-க்கும் ஒரு காசு வந்ததில்லை. சில்லிப் பூவேலை செய்யும்போது உளியைச் சாய்த்துப் பிடிக்க ஆள்காட்டி விரல் வேண்டும். அவ்வேலையை அவர் முப்பது ஆண்டுகட்கு முன்னரே விட்டுவிட்டார். அந்த இழப்பு எந்த அட்டவணையிலும் இல்லை.

மேனாட்டிலும் இவ்விபத்து அரிதன்று. அமெரிக்க நாட்டில் மேசைவாளின் அலகு பட்டு ஆண்டுதோறும் ஏறக்குறைய 30,000 பேர் மருத்துவமனையை அடைந்தனரென்று அந்நாட்டு அரசாங்க ஆணையம் கணக்கிட்டது. 1999-இல் ஸ்டீபன் காஸ் என்னும் பௌதிக சாஸ்திரி ஒரு சூழ்ச்சியைக் கண்டார். வாளில் மெல்லிய மின்குறிப்பு ஓடிக்கொண்டிருக்கும். மனித உடல் பட்டவுடன் அக்குறிப்பு மாறும். மாறியவுடன் அலுமினியக் கட்டையொன்று பற்களிற் பாய்ந்து, ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரத்தில் வாளை நிறுத்திவிடும். விரலில் ஒரு கீறலோடு பிழைக்கலாம். வியக்கத்தக்க உபகாரமே, ஆனால் அதன் விலை எங்கள் பட்டறைகளுக்கு எட்டுவதன்று. எட்டுவது பெட்டியிற் கிடக்கும் பிளவுக்கத்தி. அதற்கு வேண்டுவது பணமன்று, இன்னதென்றறிதலேயாம்.

ஈண்டுத்தான் நம் கலாசாலைக்கும் தமிழ்க் கழகத்துக்கும் உரிய கடமை தோன்றுகின்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியராயிருந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் ஐயர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழாக்கி, அதற்கு வேண்டிய சொற்களையும் ஆக்கினார். 1916-இல் சேலத்தில் இராஜகோபாலாசாரியார் முதலியோர் தமிழ் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கத்தை நிறுவிச் சாஸ்திரச் சொற்களைத் தொகுக்க முயன்றனர். வைத்தியனுக்கும் சாஸ்திரிக்கும் சொல் தேடினோம்; அது தக்கதே. மரம் அறுப்போனுக்குச் சொல் தேடினோமா? ஆங்கில நூலிலுள்ள எச்சரிக்கை அவனுக்கு எட்டுவதில்லை. யந்திரத்தின்மேல் ஒட்டிய சீட்டு அவனுக்கு ஓவியமாகவே நிற்கிறது. கிரீன் ஐயர் பிற நாட்டிற் பிறந்தும் நம்மொழியிற் சொல்லித் தந்தார். நாம் நம்மூர்ப் பட்டறைக்குச் சொல்லித் தருவதற்கு யாரை எதிர்பார்த்திருக்கிறோம்?

எல்லாச் சொற்களையும் மாற்றவேண்டுமென்பது என் கருத்தன்று. ‘மோட்டார்’ மோட்டாராகவே இருக்கலாம். அதனால் ஒருவர்க்கும் விரல் போவதில்லை. எந்த உறுப்பின் காரியம் பெயராலே விளங்கினால் விபத்து நீங்குமோ, அவ்வுறுப்புக்கே தமிழ்ப்பெயர் அவசியம். வேலி, பிளவுக்கத்தி, தள்ளுகோல், பின்னுதைப்பு என்னும் நான்கும் அத்தகையன. இவற்றினும் நல்ல சொற்கள் தச்சர் வாயிலேயே இருத்தல் கூடும். இருப்பின் அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்வதே முறை.

பட்டறையில் நிகழ்ந்ததையுஞ் சொல்லி முடிப்பேன். யான் மூன்றாம் முறை சென்றபோது, பிளவுக்கத்தி துரு நீக்கப்பட்டு வாளின் பின்னே பொருத்தப்பட்டிருந்தது. மருமகன் வேலியின்மேல் சுண்ணக்கட்டியால் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் எழுதியிருந்தான். “கண்ணு, ஆப்பு இருக்குதான்னு பாத்துட்டு மிஷினைப் போடு” என்று ஆசாரியார் சொல்லக் கேட்டேன். பிளவுக்கத்தி என்னும் என் சொல்லை அவர் கொள்ளவில்லை. ஆப்பு என்றே வழங்கினார். அதுவே சிறந்ததென்று யானும் ஒப்புக்கொண்டேன். வாளின் மூடி மாத்திரம் இன்னும் சுவரில் தொங்குகிறது. அதை மாட்டினால் அறுப்புக்கோடு கண்ணுக்குத் தெரியாதென்கிறார். அவ்வழக்கு எங்களிடையே தீர்ந்தபாடில்லை.

ஆதலின் மாணாக்க நண்பர்காள், நீவிர் விடுமுறைக்கு உங்கள் ஊர் செல்லுங்கால், அண்மையிலுள்ள பட்டறைக்கு ஒருமுறை செல்லுங்கள். அங்குள்ள யந்திரத்தில் கழற்றப்பட்ட உறுப்பு எதுவென்று கேளுங்கள். அதன் காரியத்தை அறிந்து, அவர்கள் மொழியிலேயே அதற்கொரு பெயர் காணுங்கள். நாசரேத்தூர்த் தச்சுப் பட்டறையை வணக்கத்தோடு நினைக்கும் ஒரு கலாசாலையிற் பயின்றவர்க்கு, தச்சன் கையைக் காப்பது அயலார் காரியமாகாது.